லிப்டுக்கு ஏழு மார்க்

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்த களைப்பில் மனித குலம் உட்கார்ந்துவிட்டது, அதற்குப் பிறகு உருப்படியாக எதையும் செய்யவில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. பதினைந்து வீடுகள் கொண்ட அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது அவர்களுக்குத் தெரியாது. அன்றுதான் 'இணை ஒப்பீட்டு வரிசை–மதிப்பெண் ஒருங்கிணைப்பு வாக்குமுறை' என்ற மாபெரும் சாதனம் அங்கே முதன்முறையாக ஓடியது. லிப்ட்தான் ஓடவில்லை. ஆனால் மகத்தான சாதனங்களை இந்த மாதிரி சில்லறை விஷயங்களை வைத்து எடை போடுவது முறையல்ல.

லிப்ட் நின்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதன் கதவில் 'பழுது. சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். சிரமப்பட்டவர்களை மாடிப்படியில் நின்றால் பார்க்கலாம். வருந்தியவர் யார் என்பதுதான் கடைசிவரை தெரியவில்லை.

நான்காம் மாடியில், அந்தக் கதவுக்கு நேர் எதிர் வீட்டில், ஓய்வுபெற்ற வாத்தியார் குடியிருந்தார். முப்பத்தொரு வருஷம் பொதுத் தேர்வு விடைத்தாள் திருத்தியவர். அத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் முழு மார்க் போட்டதில்லை என்பது அவருடைய பெருமை. "பத்துக்குப் பத்து வாங்கணும்னா விடையை நானே எழுதியிருக்கணும். அப்பவும் கையெழுத்துக்கு ஒரு மார்க் குறைப்பேன்" என்பார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அரை மார்க்'. அவர் மைத்துனருடைய மகன் ஒரு முறை அரை மார்க்கில் தேறாமல் போனான். தாள் இவரிடம்தான் வந்திருந்தது. மைத்துனர் அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு வருவதில்லை. லிப்ட் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே வரவில்லை.

வாத்தியாரின் மனைவியைத் தெருவே 'தையலக்கா' என்று கூப்பிடும். கட்டடத்துக்கு எதிரே, தெருவின் அந்தப் பக்கம், ஒரு தையல் மெஷின் போடும் அளவுக்கு ஒரு கடை வைத்திருந்தாள். பேன்ட்டின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, போன வருஷம் வாங்கிய சட்டைக்குள் இந்த வருஷத்து ஆளை நுழைப்பது, இதெல்லாம் அவள் வேலை. ஆறு மாதத்துக்கு முன்பு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்து, கையில் ஊன்றுகோல் கொடுத்து அனுப்பினார்கள். "சமதரையில எவ்வளவு வேணும்னாலும் நடங்க, உக்காந்து வேலை பாருங்க. படி மட்டும் ஏறி இறங்கவே கூடாது" என்றார் டாக்டர். லிப்டில் ஏறி வீட்டுக்கு வந்தாள். சில நாட்களில் லிப்ட் நின்றது. அன்றிலிருந்து அவள் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிரே பூட்டிக் கிடந்த தன் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்குச் சொந்தக்காரர் நல்ல மனிதர். ஆறு மாதம் பொறுத்தார். பிறகு போன் செய்தார். "அக்கா, அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். போன் கவர் விக்கிறவர் ஒருத்தர் தினமும் வந்து கேக்குறார்" என்றார்.

"திறந்துடுவேன் தம்பி. லிப்டைச் சரி பண்ணப் போறாங்க" என்றாள் தையலக்கா. லிப்ட் ஆட்கள் வந்தால் பத்து நாள் வேலை என்று அவளுக்குத் தெரியும். நாள் கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தாள். முறையியலைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை.

வீட்டுக்காரர்கள் சங்கத்துக்கு வருஷத்துக்கு ஒரு பெரிய வேலை செய்யத்தான் வசதி. அந்த வருஷம் மூன்று கோரிக்கைகள் வந்தன. மேல் மாடிகளில் ஐந்து வீட்டுக்காரர்கள் லிப்டைச் சரி செய்யச் சொன்னார்கள். கீழ்த் தளங்களில், வீட்டை வாடகைக்கு விட நினைத்த ஐந்து பேர் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். இவர்களுக்குத் தலைமை வீட்டுத் தரகர் ஒருவர். நடு மாடிகளில் கார் வைத்திருந்த ஐந்து பேர், பொத்தானை அமுக்கினால் தானாகத் திறக்கும் கேட் வேண்டும் என்றார்கள். இவர்களுக்காகப் பேசியவர் ஒரு பல் டாக்டர் அம்மா. கையைத் தூக்கச் சொன்னபோது ஐந்து, ஐந்து, ஐந்து. மறுபடியும் தூக்கச் சொன்னார்கள். அதே ஐந்து, ஐந்து, ஐந்து. மூன்றாம் முறை ஒருவர் இரண்டு கையையும் தூக்கினார். அது செல்லாது என்று அறிவிக்கப்பட்டது.

"சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்ருவோமே. எனக்குப் பத்து மணிக்கு ஒருத்தருக்குப் பல்லு புடுங்கணும்" என்றார் பல் டாக்டர்.

"டாக்டர், நாம எந்த நூற்றாண்டுல இருக்கோம்?" என்று ஒரு குரல் கேட்டது. சங்கத் தலைவரின் குரல். தரைத்தளத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் முப்பத்தைந்து வயதுக்காரர். 'ஆலோசகர்' என்று வாசலில் பலகை மாட்டியிருந்தார். பெரிய கம்பெனிகளின் ஊழியர்களிடம் "எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள், ஒன்று முதல் ஐந்து வரை சொல்லுங்கள்" என்று கேட்டு, விடையை வட்டம் வட்டமாகப் படம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். அவரிடம் ஆலோசனை கேட்ட கம்பெனி எதுவும் மறுபடி கேட்டதில்லை. ஒரே தடவையில் அவ்வளவு தெளிவு கிடைத்துவிடும் போலிருக்கிறது.

"ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் தர்றேன்" என்றார் ஆலோசகர். "மூணையும் வரிசைப்படுத்துங்க. கூடவே ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு இத்தனைன்னு மார்க்கும் போடுங்க."

"வரிசை மட்டும் போதாதா?" என்றார் தரகர்.

"போதாது. எதை முன்னாடி வைக்கிறீங்கன்னு வரிசை சொல்லும். எவ்வளவு முன்னாடி வைக்கிறீங்கன்னு சொல்லாது. அதுக்கு மார்க் வேணும்."

"அப்ப மார்க்கை மட்டும் வச்சுக்கலாமே?"

"மார்க்கை மட்டும் வச்சா, ஆளாளுக்குத் தன்னோடதுக்குப் பத்து, அடுத்தவனோடதுக்கு சைபர்னு போட்டு விளையாடுவாங்க. வரிசை அதைப் பிடிச்சு நிறுத்தும்."

"ரெண்டையும் சேத்து வச்சா?"

"இதோட குறையை அது சரி பண்ணும், அதோட குறையை இது சரி பண்ணும்."

இரண்டு குறைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தால் குறையே இல்லாத குழந்தை பிறக்கும் என்ற இந்த விஞ்ஞான உண்மையைக் கேட்டுக் கூட்டம் வாயடைத்துப் போனது. ஆலோசகர் மேலே சொன்னார்.

"அப்புறம் ரெண்டு ரெண்டா மோத விடுவோம். லிப்டும் பெயின்ட்டும் மோதும். பெயின்ட்டும் கேட்டும் மோதும். கேட்டும் லிப்டும் மோதும். மத்த ரெண்டையும் எது ஜெயிக்குதோ அந்த வேலையைச் செய்வோம்."

வாத்தியார் பின்வரிசையில் கையைத் தூக்கினார். "லிப்ட் பெயின்ட்டை ஜெயிச்சு, பெயின்ட் கேட்டை ஜெயிச்சு, கேட் திரும்பி வந்து லிப்டையே ஜெயிச்சுட்டா?"

ஆலோசகரின் கண் கலங்கியது. பதினோரு வருஷத் தொழிலில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. "சார், அப்படி வட்டமா வந்தா, மூணு வெற்றியில ரொம்ப மெல்லிசான வெற்றி எதுவோ அதை ரத்து பண்ணிடுவோம். எது மெல்லிசுன்னு மார்க் சொல்லும். வட்டம் அறுந்துடும்."

"ரொம்ப நியாயம்" என்றார் வாத்தியார்.

அந்த நிமிஷமே அவர் தேர்தல் அதிகாரி ஆக்கப்பட்டார். பல் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முன்மொழிந்தார். தரகர் வழிமொழிந்தார். கடைசியாக ஆலோசகர் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள் வைத்தார்: யாரும் தந்திரம் செய்யக் கூடாது, மனசாட்சிப்படி மார்க் போட வேண்டும். பதினைந்து பேரும் தலையாட்டினார்கள். அதில் பதினான்கு தலைகள், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவேன் என்று டாக்டரிடம் ஆடும் தலைகள். ஒன்றுதான் நிஜமாக ஆடியது.

அன்று சாயங்காலம் வாத்தியார் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, தாளைப் பரப்பி, சிவப்பு மை பேனாவைத் திறந்தார். தையலக்கா ஊன்றுகோலை ஊன்றி வந்து எதிரே உட்கார்ந்தாள். கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். கடை திறந்தால் முதல் நாளே கூட்டம் வரும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

"என்ன போடப் போறீங்க?"

"ரகசிய வாக்கெடுப்பு" என்றார் வாத்தியார். தாளை இடது கையால் மறைத்துக்கொண்டார்.

"என்கிட்டயுமா ரகசியம்?"

"வீட்டுக்கு ஒரு ஓட்டு. நான் தேர்தல் அதிகாரி வேற."

"சரி, லிப்டை மேல எழுதுங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு அவள் பால்கனிக்குப் போய்விட்டாள்.

வாத்தியார் லிப்டைத்தான் மேலே எழுதினார். அதில் அவருக்கு ஒரு கணமும் சந்தேகம் இல்லை. இரண்டாவது பெயின்ட், மூன்றாவது கேட். பிறகு மார்க் போட ஆரம்பித்தார். இங்கேதான் வாத்தியாரின் நேர்மை சாதாரண மனிதர்களுடையதைப் போன்றதல்ல என்பது தெரியும். லிப்ட் ஓடிய நாட்களில் இரண்டு முறை நடுவழியில் நின்றிருக்கிறது. ஒரு மார்க் போயிற்று. கதவு மூடும்போது கிறீச்சென்று சத்தம், இன்னொன்று போயிற்று. மூன்றாவது மார்க், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் குறைப்பது. ஏழு. பெயின்ட் விஷயத்தில் அவர் சுவரை நியாயமாக அணுகினார். வெளிச்சுவர் நிஜமாகவே உரிந்து கிடந்தது, அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆறரை. கேட்டுக்கு அவர் வீட்டில் உபயோகமே இல்லை. இருந்தாலும் தேர்வுக்கு வந்துவிட்டதே என்று பாஸ் மார்க் கொடுத்தார். ஐந்து.

கூட்டிப் பார்த்து, அடியில் கோடு போட்டு, கையெழுத்தும் போட்டார். ரகசிய வாக்கெடுப்பு என்பது நினைவுக்கு வந்ததும் கையெழுத்தை மட்டும் அடித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்துமிடத்தில் ஒரு மேஜை போட்டு எண்ணினார்கள். வரிசையை மட்டும் வைத்து மோதவிட்டபோது முடிவு பத்தே நிமிஷத்தில் வந்தது. லிப்ட் பெயின்ட்டைப் பத்துக்கு ஐந்து என்று ஜெயித்தது. கார்க்காரர்கள் பெயின்ட்டைக் கடைசியில் தள்ளியிருந்தார்கள். பெயின்ட் கேட்டைப் பத்துக்கு ஐந்து என்று ஜெயித்தது; மேல் மாடிக்காரர்கள் கேட்டைக் கடைசியில் தள்ளியிருந்தார்கள். கேட் லிப்டைப் பத்துக்கு ஐந்து என்று ஜெயித்தது. கீழ்த் தளத்தார் லிப்டைக் கடைசியில் தள்ளியிருந்தார்கள்.

"வட்டம்" என்றார் ஆலோசகர். சுத்தமான ஒரு வட்டத்தை வாழ்நாளில் பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும். அவர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

இனி மார்க்கின் முறை. லிப்டைப் பெயின்ட்டுக்கு மேல் வைத்த பத்துப் பேரும், இரண்டுக்கும் நடுவில் எத்தனை மார்க் வித்தியாசம் வைத்தார்கள் என்று கூட்ட வேண்டும். அதுதான் அந்த வெற்றியின் கனம். மற்ற இரண்டு வெற்றிகளுக்கும் அப்படியே. வாத்தியார் தாள்களைப் படித்தார், பல் டாக்டர் கால்குலேட்டரில் தட்டினார். பதினான்கு தாள்களில் ஒரு பத்தும் ஒரு சைபரும் இருந்தன. மனசாட்சி என்பது இவ்வளவு வட்டமான எண்களில் பேசும் என்று வாத்தியார் நினைத்திருக்கவில்லை.

"பெயின்ட் கேட்டை ஜெயிச்சது அம்பதரை மார்க்" என்றார் பல் டாக்டர். "கேட் லிப்டை ஜெயிச்சது நாப்பத்தாறு. லிப்ட் பெயின்ட்டை ஜெயிச்சது நாப்பத்தஞ்சரை."

"அப்ப எது மெல்லிசு?"

"லிப்டோடதுதான். அரை மார்க்குல."

முறைப்படி லிப்டின் வெற்றி ரத்தாயிற்று. மிச்சம் நின்றது பெயின்ட் கேட்டை ஜெயித்ததும், கேட் லிப்டை ஜெயித்ததும். ஆக பெயின்ட் முதலிடம், லிப்ட் கடைசி. பெயின்ட்டைவிட லிப்ட் முக்கியம் என்று பதினைந்தில் பத்துப் பேர் எழுதியிருந்தார்கள். அந்தப் பத்துப் பேர் தோற்றுப்போனார்கள். பழைய முறைகளில் ஐந்து பேர்தான் பத்துப் பேரிடம் தோற்பார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்று விளங்கும்.

பல் டாக்டர் கால்குலேட்டரைக் கீழே வைக்கவில்லை. "ஒரு நிமிஷம். மேல் மாடிக்காரங்க நாலு பேரு லிப்டுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவுல அஞ்சஞ்சு மார்க் வித்தியாசம் வச்சிருக்காங்க. ஒரே ஒருத்தர் மட்டும் அரை மார்க் வச்சிருக்கார்" என்று அந்தத் தாளை உருவினார். சிவப்பு மை. அடியில் கோடு. அடித்த கையெழுத்து. எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள்.

"சார்" என்றார் ஆலோசகர் தாழ்ந்த குரலில். "அதிகாரி கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கைத்தவறைத் திருத்திக்கலாம்னு விதி இருக்கு. எட்டுன்னு போட நினைச்சு ஏழுன்னு விழுந்திருக்கலாம்."

"எட்டுன்னு போட்டா லிப்டோட கனம் நாப்பத்தாறரை ஆயிடும்" என்றார் பல் டாக்டர். "அப்ப கேட் ஜெயிச்சதுதான் ரத்தாகும். லிப்ட் முதல்ல வந்துடும். எனக்கு ஆட்சேபணை இல்லை சார். நான் கையால திறந்துக்கிறேன்."

தரகர் தலையைச் சொறிந்தார். பெயின்ட்டுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர் அவர். "எனக்கே ஒரு மாதிரி இருக்கு சார். அக்கா எனக்கு எத்தனை பேன்ட்டுக்கு ஜிப் மாத்திக் குடுத்திருக்காங்க. மாத்திக்குங்க. பெயின்ட் அடுத்த வருஷம் அடிச்சுக்குவோம்" என்றார்.

வாத்தியார் கையில் சிவப்புப் பேனா இருந்தது. ஏழை எட்டாக்க ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எட்டு என்று எழுதினால் போதும். மேலே பால்கனியில் உட்கார்ந்திருப்பது யார் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவருக்குப் பயமாக இருந்தது. இன்றைக்கு ஒரு மார்க்கைத் திருத்தினால், மைத்துனர் மகனின் அரை மார்க்கையும் அன்றைக்குத் திருத்தியிருக்கலாம் என்றாகிவிடும். அவனுக்கு முன்னாலும் பின்னாலும் கண்ணீரோடு வந்து நின்ற அத்தனை பேரும் சரி, இவர் மட்டும் தப்பு என்றாகிவிடும். முப்பத்தொரு வருஷத்தையும் ஒரு எட்டுக்காக எப்படித் தூக்கிப் போடுவது?

"என் கை தவறினது கிடையாது" என்றார் வாத்தியார். முடிவுத்தாளில் கையெழுத்துப் போட்டார். இந்த முறை அடிக்கவில்லை.

நான்கு மாடியும் நடந்து ஏறி வீட்டுக்கு வந்தார். தையலக்கா வாசலிலேயே நின்றாள்.

"எத்தனை நாள்ல வருவாங்களாம்?"

"பெயின்ட்தான் முதல்ல வந்திருக்கு" என்றார் வாத்தியார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எத்தனை ஓட்டுல போச்சு?"

"ஓட்டுல போகலை. மார்க்குல போச்சு. அரை மார்க்குல."

அவள் ஊன்றுகோலை ஊன்றி ஒரு அடி முன்னால் வந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "இந்தக் கட்டடத்துல அரை மார்க் போடுற ஆளு வேற யாரு இருக்கா?"

வாத்தியார் தண்ணீர் குடித்தார்.

"லிப்டுக்கு என்ன போட்டீங்க?"

"முதலிடம்."

"இடத்தைக் கேக்கலை. மார்க்கைக் கேக்குறேன்."

"ஏழு."

"ஏன்?"

"ரெண்டு தடவை நடுவுல நின்னிருக்கு. கதவுல சத்தம் வேற."

"லிப்ட் எப்படி இருக்குன்னா கேட்டாங்க?" என்றாள் தையலக்கா. "எவ்வளவு வேணும்னு கேட்டாங்க."

"தாள்ல அப்படித் தெளிவா எழுதலை. கேள்வியைப் பத்தி ஆலோசகர்கிட்ட நான் ஒரு குறிப்பு எழுதிக் குடுக்கணும்."

"எனக்கு எவ்வளவு வேணும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா?"

"எப்படித் தெரியும்? ஒரு நாளாவது கேட்டீங்களா?"

வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று வாத்தியார் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. போனை எடுத்து, கடைச் சொந்தக்காரரைக் கூப்பிட்டாள். "தம்பி, அந்தப் போன் கவர்காரருக்கே குடுத்துடுங்க. மெஷினை மட்டும் யாரையாவது விட்டு ஓரமா எடுத்து வச்சிருங்க" என்றாள். அவள் குரல் உடையவில்லை. பேன்ட்டில் ஒரு தையலைப் பிரிக்கும்போது பேசுகிற குரலிலேயே பேசினாள். வாத்தியார் அதைக் கவனித்து, மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார். எண்ணும்போது மார்க்கை மாற்றிக்கொள்ளச் சொல்லி எல்லோரும் கேட்டதைப் பற்றி அவர் அவளிடம் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு விடை எழுதுவது அவருக்குப் பிடிக்காது.

பெயின்ட்காரர்கள் சாரம் கட்டினார்கள். ஒரு நாள் நான்காம் மாடி பால்கனிக்கு வெளியே பலகையில் உட்கார்ந்து சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்த பெயின்ட்காரர், உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த வாத்தியாரிடம், "லிப்ட் ஓடலையே சார், அதைப் பாக்காம இதை ஏன் அடிக்கிறாங்க?" என்று கேட்டார். வாத்தியார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் முறையை விளக்கினார். வரிசை, மார்க், மோதல், வட்டம், ரத்து எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். பெயின்ட்காரர் முழுவதையும் கேட்டார்.

"அப்ப யாருக்குமே லிப்ட் வேணாம்னு இல்லை" என்றார்.

"இல்லை."

"சரி சார்" என்று அவர் சுரண்டப் போய்விட்டார். படிப்பில்லாதவர்களுக்குச் சில விஷயங்களைப் புரியவைப்பது கஷ்டம் என்று வாத்தியார் மனைவியிடம் சொன்னார். அவள் நாற்காலியைச் சாரத்துக்கு இந்தப் பக்கம் நகர்த்திப் போட்டு, எதிரே தன் கடையில் கலர் கலராகப் போன் கவர் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயின்ட் வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கட்டடத்தின் முன்னால் விழா. தரையில் நாற்காலிகள், ஒரு மைக், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ். பதினைந்து வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். சுவர் இளமஞ்சளில் பளபளத்தது. வாத்தியார் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான்காம் மாடியில் தையலக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆலோசகர் மைக்கைத் தட்டினார். முறையின் வரலாற்றைச் சொன்னார். வட்டத்தின் போட்டோவை எல்லோருக்கும் காட்டினார். தன் தொழில்முறைக் கூட்டங்கள் எல்லாவற்றிலும் இதைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னார்.

"ஆனா முறை மட்டும் போதாதுங்க. முறைக்கு ஒரு மனுஷன் வேணும்" என்றார். குரல் தழுதழுத்தது. "அன்னைக்கு எண்ணும்போது என்ன நடந்துச்சுன்னு உங்கள்ல பல பேருக்குத் தெரியாது. சார் ஒரே ஒரு மார்க்கை மாத்தியிருந்தா லிப்ட் ஜெயிச்சிருக்கும். மாத்திக்குங்கன்னு நானே கேட்டேன். டாக்டர் கேட்டாங்க. தரகரே கேட்டார். யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பேனா அவர் கையிலதான் இருந்துச்சு. முடியாதுன்னு சொல்லிட்டார். சொந்த வீட்டுக்காகக்கூட அவர் ஒரு மார்க் அதிகமாப் போடலை."

கைதட்டல் எழுந்தது. ஒலிபெருக்கி நல்ல தரமானது. நான்காம் மாடி வரைக்கும் ஒரு எழுத்துக்கூட விடாமல் கேட்டது. வாத்தியார் மேலே பார்க்கவில்லை.

"இந்த 'முறையின் காவலர்' சான்றிதழைக் குடுக்க அவரோட வாழ்க்கைத் துணையைவிடத் தகுதியானவங்க யாரு?" என்றார் ஆலோசகர், இருந்த உற்சாகத்தில். "அக்கா, தயவு செஞ்சு கீழ வாங்க."

கைதட்டல் தானாக நின்றது. பல் டாக்டர் ஆலோசகரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் பதினைந்து வீட்டுத் தலைகளும் மேலே திரும்பிவிட்டன. வாத்தியாரின் தலை கடைசியாகத் திரும்பியது.

தையலக்கா ஊன்றுகோலை எடுத்து ஊன்றி நேராக நின்றாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"வர்றேன்" என்றாள். "எந்த வழியா வரட்டும்?"

தரகர் போய் சான்றிதழை எடுத்து வந்து, யாருடைய சாப்பாட்டுத் தட்டோ தன்னிடம் மாறி வந்துவிட்டதுபோல வாத்தியார் மடியில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். வாத்தியார் குனிந்து அதைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் தாளில் பக்கம் பக்கமாகப் பிழை தேடிய மனிதர் அவர். அன்று தேட வேண்டிய சிரமமே இருக்கவில்லை. அவர் பெயரைச் சான்றிதழின் நடுவில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.